மணலில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும்

சீவாப் பாலைவனச் சோலை
ஜூன் 3, 2009

இத்ரீஸ் அண்ணாவுக்கு,

நேற்று மத்தியானம் அப்பா என்னைக் கூப்பிட்டு, "அந்தக் கணப்பைக் கொஞ்சம் தள்ளி வையி தாயி, கால் வேகுது" என்றார். தேநீர் போடும் கணப்புச் சட்டி வெளியே முற்றத்தில் இருந்தது. அது காலையிலேயே அணைந்து, சாம்பலையும் நான் கொட்டிவிட்டேன். அறையில் நெருப்பு என்று எதுவுமே இல்லை. ஆனாலும் நான் குனிந்து, இல்லாத சட்டியை இழுப்பதுபோலத் தரையில் கையைத் தேய்த்தேன். "இப்ப?" என்றேன். "இன்னுங் கொஞ்சம்" என்றார். இன்னும் கொஞ்சம் இழுத்தேன்.

அதற்குப் பிறகுதான் உனக்கு எழுத வேண்டும் என்று தோன்றியது. போனில் சொல்ல வேண்டியதுதானே என்பாய். போன் சித்தப்பாவின் சட்டைப் பையில் இருக்கிறது. எண்ணைப் போட்டுக் கொடுத்துவிட்டு அவர் எதிரிலேயே உட்கார்ந்துகொள்வார். எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். போன தடவையும் "எல்லாரும் நல்லா இருக்கோம்" என்று சொல்லிவிட்டுத்தான் கொடுத்தேன். நாங்கள் நல்லா இல்லை. அதனால் இதை ஆலிவ் ஊறுகாய் டப்பாவின் அடியில் வைத்து, பஸ் ஓட்டும் ஜாபிரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஆறாம் வகுப்போடு நின்றவளின் எழுத்து. தப்பு இருந்தால் சிரிக்காதே.

அப்பா பேரீச்ச மரத்திலிருந்து விழுந்து இரண்டு அறுவடை ஆகப்போகிறது. இடுப்புக்குக் கீழே அவருக்கு ஒன்றும் தெரியாது என்று உனக்குத் தெரியும். நான் காலைத் துடைத்துவிட்டால், பார்த்தால்தான் துடைக்கிறேன் என்று தெரிந்துகொள்வார். விரலில் ஈ உட்கார்ந்தாலும் தெரியாது. அந்தக் கால்தான் எரிகிறது என்கிறார். காலையில் கொதிக்கிற எண்ணெய் என்பார். சாயங்காலம் யாரோ முள்ளுக்கம்பியைச் சுற்றி இழுக்கிறார்கள் என்பார். சித்தப்பா, "உணர்ச்சியே செத்துப்போன கால் எப்பிடிண்ணே எரியும்?" என்று கேட்டார். அப்பா, "எனக்கென்னடா தெரியும், எரியுது" என்றார். சித்தப்பா வெளியே போய்க் கழுதையின் பக்கத்தில் நின்று அழுதார்.

ஏப்ரலில் நாங்கள் அலெக்சாண்ட்ரியா வந்தபோது டாக்டரம்மா அப்பாவை அந்தக் குழாய்க்குள் படுக்க வைத்துப் படம் எடுத்தாரே, அதில் என்ன தெரிந்தது? நான் அன்றே கேட்டிருக்கலாம். அவர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். நீயோ அப்பாவின் கண்ணில் படாமல் தாழ்வாரத்தின் மறுகோடியில் நின்றுகொண்டிருந்தாய். தயவுசெய்து போய்க் கேள்.

தான் படுத்திருக்கும் வரை நீ நம் வாசலை மிதிக்கக் கூடாது என்று அப்பா போட்ட சத்தியம் அப்படியேதான் இருக்கிறது. உன் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் நீ அனுப்பும் மாத்திரைகளை, நீ அனுப்பியவை என்று தெரிந்தேதான் விழுங்குகிறார்.

உன் தங்கை
மப்ரூகா


அலெக்சாண்ட்ரியா
ஜூன் 12

வாயில்லாப்பூச்சிக்கு,

உன் கடிதம் எண்ணெயில் ஊறி வந்தது. ரொட்டிக் கடையில் எல்லாரும் மோந்து பார்த்துவிட்டு, ஊரிலிருந்து எனக்குப் பெண் பார்த்துவிட்டார்கள் என்று முடிவு செய்துவிட்டார்கள். தப்பு ஒன்றும் இல்லை. பேச்சில் வராததெல்லாம் உனக்கு எழுத்தில் வருகிறது.

டாக்டர் மாக்தாவைப் பார்த்தேன். மாவு படிந்த சட்டையோடு போனதால் வாசலில் நிற்பவன் உள்ளே விடவில்லை. "ரொட்டி பின்பக்கம் எறக்கு" என்றான். கடைசியில் அவரே வெளியே வந்து அழைத்துக்கொண்டு போனார்.

முதலில் அவர் சொன்னது: "உங்கப்பா நடிக்கல. இத வீட்ல எல்லார்கிட்டயும் சொல்லிடுங்க." "படத்துல வலி தெரியுமா டாக்டர்?" என்றேன். "வலி தெரியாது. வலி இருக்கறவங்க மூளைல என்ன மாறியிருக்குன்னு தெரியும்" என்றார்.

நான் புரிந்துகொண்டதை எழுதுகிறேன். மூளையில் உடம்பின் ஒவ்வொரு பாகத்துக்கும் ஓர் இடம் உண்டாம். உதட்டுக்கு ஒன்று, கைக்கு ஒன்று, காலுக்கு ஒன்று. தண்டுவடம் நசுங்கியதால் அப்பாவின் காலிலிருந்து மூளைக்குச் செய்தியே போவதில்லை. காலுடைய இடம் சும்மா கிடக்கும் என்றுதானே நினைப்போம்? கிடப்பதில்லை. அது தானாகவே கத்த ஆரம்பிக்கிறது. பக்கத்து இடங்களும் அதற்குள் நகர்ந்து வருகின்றன. அன்று குழாய்க்குள் அப்பாவின் கைச் சுண்டுவிரலைத் தடவிக்கொண்டே இருந்தார்களே, அது இதைப் பார்க்கத்தான். சுண்டுவிரலுக்கான இடம் காலின் இடத்தை நோக்கித் தள்ளிப் போயிருக்கிறது. டாக்டர் பார்த்தவர்களில் எவருக்கு இப்படி அதிகம் தள்ளிப் போயிருக்கிறதோ அவருக்குத்தான் எரிச்சலும் அதிகம். அப்பாவுக்கு நிறையவே தள்ளிப் போயிருக்கிறது.

"தள்ளிப் போனதால எரியுதா, எரியறதால தள்ளிப் போச்சா?" என்று கேட்டேன். ரொட்டிக்காரன் நல்ல கேள்வி கேட்டுவிட்டான் என்று நினைத்திருப்பார், சிரித்தார். "அது எங்களுக்கும் இன்னும் தெரியல" என்றார். சரி பண்ண முடியுமா என்று கேட்டதும் சிரிப்பு போய்விட்டது. மாத்திரை சிலருக்குக் கொஞ்சம் குறைக்கும், அவ்வளவுதான் என்றார்.

கொஞ்சம் என்றால் எவ்வளவு என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. மாத்திரை அளவைக் கூட்டி எழுதிக் கொடுத்திருக்கிறார், டப்பாவில் இருக்கிறது. தலை சுற்றும், பயப்படாதே.

இதையெல்லாம் அவரிடம் நீ சொல். நான் சொன்னதாகச் சொல்லாதே.

இத்ரீஸ்


சீவா
ஜூன் 25

அண்ணா,

நான் சொன்னேன். சொன்னதுதான் தப்பாகிவிட்டது.

நன்றாகத்தான் ஆரம்பித்தேன். மூளை, இடம் என்றெல்லாம் சொன்னால் அவருக்குப் பிடிபடாது என்று, நம் தெற்குத் தோட்டத்தில் வாய்க்கால் உடைந்த பாத்தியைச் சொன்னேன். ஊற்றுத் தண்ணீர் வராத பாத்தி வெறும் மண்ணாகக் கிடப்பதில்லை. கீழேயிருந்து உப்பு ஏறி வெள்ளையாகப் பூத்துக்கொள்கிறது. யாரும் போடாத உப்பு. பக்கத்துப் பாத்தியின் புல்லும் வேர் நீட்டி உள்ளே வருகிறது. உங்கள் கால் அந்தப் பாத்தி மாதிரி அப்பா, என்றேன். அவர் கண்ணை மூடிக்கொண்டு கேட்டார். "அப்ப இது உப்பு" என்றார். "ஆமாப்பா." "உப்புன்னா எரியத்தான் செய்யும்" என்றார். நான் இவ்வளவு நேரம் பேசி அவர் கேட்டது அதுதான் முதல் தடவை. எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

அப்போது சித்தப்பா வந்தார். "அந்தப் பாத்தி எங்க இருக்காம்?" என்று கேட்டார். நான் யோசிக்காமல் தலையைத் தொட்டுக் காட்டிவிட்டேன்.

"மண்டைலயா? கால் வலி மண்டைலயா? அப்ப எங்கண்ணன் கிலானிக்குப் பைத்தியம்னு எழுதிக் கொடுத்துட்டாங்களா?"

"இல்ல சித்தப்பா..."

"யாரு சொன்னது இத?"

நான் பதில் சொல்லவில்லை. சொல்லாததிலேயே அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. அப்பா, "எம் மவன் என்னைப் பைத்தியங்கறானா?" என்று கேட்டார். கோபமாகக்கூட இல்லை. பிறகு முகத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பிக்கொண்டார். அன்றிலிருந்து மாத்திரையைத் தொடவில்லை. "பைத்தியத்துக்குக் குடுக்கறத நான் முழுங்க மாட்டேன்" என்கிறார். விழுங்கிய நாட்களிலும் பெரிதாகக் குறையவில்லை அண்ணா. கழிவறைக்குத் தூக்கும்போது தலை மட்டும்தான் சுற்றியது.

இன்னொன்று. உன் கடிதத்தைப் படித்தபின் நான் ஒரு காரியம் செய்தேன். கை நகம் வெட்டிவிடும்போது அவருடைய சுண்டுவிரலை மட்டும் கொஞ்ச நேரம் தேய்த்துப் பார்த்தேன். "கால்ல யாரு?" என்று கேட்டார். நான் கையை எடுத்துவிட்டேன். எனக்குப் பயமாகவும் வெட்கமாகவும் இருந்தது. திருடியதுபோல இருந்தது.

சித்தப்பா இப்போது ஒன்று சொல்லிக்கொண்டிருக்கிறார். ஜூலையில் தக்ரூர் மலையடி மணல் சூடேறியதும் வலி போக அப்பாவைக் கழுத்துவரை அதில் புதைத்து எடுக்கலாம் என்கிறார். "கெய்ரோலேர்ந்து தடியோட வர்றவன்லாம் தடிய வீசிட்டுப் போறான். எங்கூடப் பொறந்தவனுக்குச் செய்யாம வேற எவனுக்குச் செய்யப்போறேன்" என்கிறார். அப்பா சரி என்று சொல்லிவிட்டார்.

மப்ரூகா


அலெக்சாண்ட்ரியா
ஜூலை 3

மப்ரூகா,

விளையாட்டுப் பேச்சு இல்லை இது. புதைக்க விடாதே.

சித்தப்பா கெட்டிக்காரர்தான். எத்தனையோ பேரைப் புதைத்து எடுத்திருக்கிறார், அவர் கையில் ஒருவருக்கும் ஒன்றும் ஆனதில்லை. ஏன் ஆகவில்லை என்று யோசி. அவர் நேரம் பார்ப்பதில்லை. காலையிலேயே குழி வெட்டி வெயிலில் காய விடுவார், உச்சியில் ஆளை இறக்கிக் கழுத்துவரை மூடுவார், பக்கத்தில் உட்கார்ந்து சுருட்டுப் பிடிப்பார். மணலில் இருப்பவர் "போதும்" என்றால் தோண்டி எடுப்பார். அவர் சொல்லாமல் எடுத்தால் நோய் பாதியில் நின்றுவிடும் என்பார். மணலில் இருப்பவர்தான் சொல்ல வேண்டும். அதுதான் அந்தக் குழியின் ஒரே சட்டம்.

எல்லாருக்கும் சுடும், அதனால் எல்லாரும் சொல்வார்கள். அப்பாவின் கால் என்ன சொல்லும்?

நான் இங்கே அடுப்பு வாயில் நிற்கிறேன். கை பட்டால், பட்டது என்று நான் நினைப்பதற்குள் கை தானாகப் பின்னால் வந்துவிடுகிறது. அப்பாவின் கால் பின்னால் வராது. எரிகிறது எரிகிறது என்று பொய்யாகக் கத்திக்கொண்டிருக்கிற மூளைக்கு, நிஜமாக எரியும்போது ஒரு வார்த்தை போகாது. டாக்டரிடம் கேட்டேன். சூடு தண்ணீர்ப் பையைக்கூடக் காலருகே வைக்கக் கூடாது என்றார்.

சித்தப்பாவுக்குப் போன் செய்தேன். "மரத்துல ஏற மாட்டேன்னு ஊரை விட்டு ஓடினவன் மணலைப் பத்திப் பேசாதே. நீ ஏறியிருந்தா இந்த வயசுல அவரு ஏன் ஏறுறாரு?" என்று சொல்லிப் போனை வைத்துவிட்டார். அதற்கு மேல் நான் என்ன பேசுவது?

அதனால் நீ பேசு. வீட்டில் வேறு யார் இருக்கிறார்கள்? அம்மா இருந்திருந்தால் அவள் பேசியிருப்பாள். ஒரு தடவை நிமிர்ந்து சொல். நீ சொன்னால் சித்தப்பா கேட்பார்.

இத்ரீஸ்


சீவா
ஜூலை 24

அண்ணா,

புதைத்துவிட்டார்கள்.

ஒவ்வொரு நாளும் காலையில் சொல்லிவிட வேண்டும் என்று எழுவேன். ரொட்டி தட்டும்போது வார்த்தைகளை அடுக்கி வைப்பேன். சித்தப்பா வந்து உட்கார்ந்ததும் தேநீர் ஊற்றுவேன். இரண்டாம் கோப்பையில் சொல்லலாம் என்று நினைப்பேன், மூன்றாம் கோப்பையில் சொல்லலாம் என்று நினைப்பேன். அவர் எழுந்து போய்விடுவார்.

அங்கே என்ன நடந்தது என்று எனக்குச் சித்தப்பா சொல்லித்தான் தெரியும். அப்பாவைப்போல இவ்வளவு நேரம் யாரும் தாங்கியதில்லையாம். பக்கத்துக் குழியில் இருந்த கெய்ரோக்காரர்கள் இரண்டு பேர் கத்திக்கொண்டு எழுந்து போன பிறகும் அப்பா பேசாமல் கிடந்தாராம். வெயில் இறங்கி மணல் ஆறத் தொடங்கிய பிறகுதான் சித்தப்பாவே தோண்டி எடுத்தாராம். "மரமேறின ஒடம்புடா அது!" என்று எல்லாரிடமும் சொல்லிச் சந்தோஷப்படுகிறார். வீட்டுக்குக் கொண்டுவந்தபோது அப்பாவின் முகம் சிவந்து, தெளிவாக இருந்தது. போர்வைக்குள் அப்படியே தூங்கினார். ஒரு முனகல்கூட இல்லை. நான் பக்கத்தில் உட்கார்ந்து அவர் தூங்குவதைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். நாம்தான் தப்பாக நினைத்துவிட்டோம் என்றுகூட நினைத்தேன் அண்ணா.

மணலில் இருந்து வந்தவர்மேல் மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது, காற்றுப் படக் கூடாது, போர்வையை விலக்கக் கூடாது. உனக்குத் தெரியும். முதல் நாள் போர்வையின் கால்பக்கம் ஈரமாக இருந்தது. வியர்வை என்று சித்தப்பா சொன்னார். இரண்டாம் நாள் வாடை வந்தது. மூன்றாம் நாள்தான் நான் விலக்கினேன். இரண்டு குதிகாலிலும், கெண்டைக்கால் முழுக்கவும் கொப்புளம். சில உடைந்து தோல் போர்வையோடு ஒட்டியிருந்தது. நான் இழுத்ததில் கொஞ்சம் கையோடு வந்துவிட்டது. அப்பா என் முகத்தைப் பார்த்துக்கொண்டு, "என்ன தாயி?" என்றார். அவருக்கு ஒன்றும் தெரியவில்லை.

சித்தப்பாவைக் கூப்பிட்டுக் காட்டினேன். பார்த்ததும் அவர் அப்படியே உட்கார்ந்துவிட்டார். கொஞ்ச நேரம் கழித்து, "நோய் தண்ணியா வெளிய வருது. வரட்டும். நல்லதுதான்" என்றார். என்னிடம் சொன்னாரா, தனக்குச் சொல்லிக்கொண்டாரா தெரியவில்லை.

தூக்கம் ஒரு நாள்தான். எரிச்சல் திரும்ப வந்துவிட்டது. இப்போது காய்ச்சலும் இருக்கிறது.

மப்ரூகா


அலெக்சாண்ட்ரியா
ஜூலை 27

மப்ரூகா,

டப்பாவில் களிம்பு, துணிச்சுருள், காய்ச்சல் மாத்திரை இருக்கின்றன. கொதிக்க வைத்து ஆறிய தண்ணீரில் கழுவு. ஒட்டியிருக்கும் தோலை இழுக்காதே, நனைத்து எடு. களிம்பைத் தடவித் துணியைத் தளர்வாகச் சுற்று. குதிகால் தரையில் படாமல் கெண்டைக்குக் கீழே தலையணை வை. கறுப்பாக மாறினாலோ காய்ச்சல் ஏறினாலோ யாரையும் கேட்காமல் ஊர் ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போ.

மேலே இரண்டு வரியை அடித்திருக்கிறேன். வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் படிக்காதே. உன்னைப் பற்றி எனக்குத் தெரியும்.

மறுபடியும் புதைக்க விடாதே.

இ.


சீவா
ஆகஸ்ட் 6

அண்ணா,

தூக்கிப் பிடித்துப் படித்தேன். 'நீ ஒரே ஒரு வார்த்தை பேசியிருந்தால் அந்தக் கால் வெந்திருக்காது' என்று எழுதி அடித்திருக்கிறாய். அடிக்காமலே அனுப்பியிருக்கலாம். நானும் அதையேதான் நினைத்துக்கொண்டிருக்கிறேன். ஆனால் அலெக்சாண்ட்ரியாவில் இருந்துகொண்டு 'பேசு' என்று எழுதுவது சுலபம். அதையும் நான் அடிக்காமல் அனுப்புகிறேன்.

காய்ச்சல் இறங்கிவிட்டது. கெண்டைக்கால் காய்கிறது. வலது குதிகால் மட்டும் காயவில்லை. சித்தப்பா மறுபடியும் குழிக்கு நாள் குறித்துவிட்டார். நோன்பு மாதம் பிறப்பதற்கு முன்னால் முடித்துவிட வேண்டுமாம், 14ஆம் தேதி வெள்ளிக்கிழமை. போதும் என்று அப்பா சொல்லாமலே எடுத்துப் பாதியில் விட்டதால்தான் எரிச்சல் திரும்பியது என்கிறார்.

இந்தத் தடவை நான் பேசினேன். சித்தப்பாவிடம் இல்லை, அப்பாவிடம். கட்டு மாற்றும்போது தலையைத் தூக்காமல் சொன்னேன்.

"அப்பா, போன தடவை காலு வெந்துபோச்சு. உங்களுக்குத்தான் தெரியல."

"தெரியும் தாயி. மூக்கு நல்லாத்தானே இருக்கு."

"அப்புறம் ஏம்ப்பா மறுபடியும்?"

"நெஞ்சு மேல மணல் ஏறுறப்ப நெசமா சுடுது பாரு. அந்த நெசச் சூடு வந்ததும் இந்தப் பொய்ச் சூடு எங்கியோ ஓடிப்போச்சு. விழுந்த நாள்லேர்ந்து அந்தக் கொஞ்ச நேரந்தான் நான் சும்மா இருந்தேன். போதும்னு சொல்ல எனக்கு மனசு வரல" என்றார்.

பொய்ச் சூடு என்று அவரே சொல்கிறார் அண்ணா. நீயும் நானும் சொன்னால்தான் கோபம் வருகிறது.

"காலு மொத்தமா வெந்துபோனா?"

"போகட்டும். எவனுக்கு வேணும் அது."

"டாக்டரம்மா வேணாம்னு சொன்னாங்கப்பா."

"அவங்களுக்கு எரியலையே" என்றார்.

இதற்கு என்ன பதில் சொல்வது என்று உனக்குத் தெரிந்தால் எழுது.

அப்புறம் எனக்கு ஒன்று தோன்றியது. நெஞ்சில் சுடுவதுதானே அவருக்கு வேண்டும்? அப்படியானால் காலை வெளியே விட்டுவிட்டு நெஞ்சை மட்டும் புதைத்தால் என்ன? எப்படியோ சித்தப்பாவிடம் இதைச் சொல்லிவிட்டேன், கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டு. அவர் வாய்விட்டுச் சிரித்துவிட்டார். "கால் வலிக்குப் புதைக்கறோம், காலை வெளிய வெக்கச் சொல்றாளே! பல்லு வலின்னா செருப்பத் தைப்பியா நீ?" அப்பாவும் சிரித்தார். அவர் சிரித்துப் பார்த்து எவ்வளவு நாளாயிற்று. அதனால் நானும் சிரித்துவிட்டேன். அதோடு அந்தப் பேச்சு முடிந்துவிட்டது.

சித்தப்பா கெட்டவர் இல்லை. வெளியே போகும்போது, "எனக்கு வேற எதுவும் தெரியாது புள்ள. தெரிஞ்சா செய்ய மாட்டேனா?" என்றார்.

நீ வா அண்ணா. சத்தியத்தைப் பற்றி நான் அப்பாவிடம் ஏதாவது சொல்லிக்கொள்கிறேன்.

மப்ரூகா


மத்ரூஹ்
ஆகஸ்ட் 11

மப்ரூகா,

ஊர்ப் பெயரைப் பார்த்திருப்பாய். பாதி வழி வந்தேன். ஜாபிர் டீ குடிக்க பஸ்ஸை நிறுத்தினான், நானும் இறங்கினேன். "ஏறுடா மாப்ள, கழுதை கூட வீட்டு வழில நிக்காது" என்று கூப்பிட்டான். நான் ஏறவில்லை. இந்தக் கடிதத்தை அவனிடமே கொடுத்துவிட்டு, அலெக்சாண்ட்ரியா போகும் வண்டிக்காக நிற்கிறேன்.

நான் வந்து வாசலில் நின்றால், என்மேல் உள்ள வீம்புக்காகவே அப்பா வெள்ளிக்கிழமைவரைகூடக் காத்திருக்காமல் மணலில் இறங்கிவிடுவார். அவருடைய பிடிவாதம் எனக்குத் தெரியும், எனக்கும் அதுதானே இருக்கிறது. இதைத்தான் காரணம் என்று எழுதுகிறேன். காரணமா பயமா என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியவில்லை. அவர் படுத்திருப்பதை நம் வீட்டுக்குள் வைத்து நான் இன்னும் பார்க்கவில்லை மப்ரூகா.

கிளம்புமுன் டாக்டரிடம் போனேன். வேறு மாத்திரை இருக்கிறதா என்றேன். இருக்கிறது, கேட்குமா என்று தெரியாது என்றார். மூளையில் தள்ளிப் போன இடத்தைத் திரும்பத் தள்ளி வைக்க வழி தேடிக்கொண்டிருக்கிறார்களாம், வருடங்கள் ஆகும் என்றார். நெஞ்சில் சுட்டபோது காலில் எரியவில்லை என்று அப்பா சொன்னதைச் சொன்னேன். அவர் அதைக் குறித்துக்கொண்டார். "அவர் சொல்றது நம்பக்கூடியதுதான்" என்றார். நம்புகிறார். அவ்வளவுதான் அவரால் முடிந்தது.

உன்னை இனிமேல் பேசு என்று சொல்ல மாட்டேன். அந்த இரண்டு வரியை நான் எழுதியிருக்கக் கூடாது.

இத்ரீஸ்


சீவா
ஆகஸ்ட் 16

அண்ணா,

எழுத்து கோணலாக இருக்கிறது, பொறுத்துக்கொள்.

அப்பாவுக்கு எரிச்சல் போகவில்லை. இன்று காலையிலும் கண் விழித்ததும் அதைத்தான் சொன்னார். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன், கடைசிவரை நீ அதைத் தேடிக்கொண்டு படிக்க வேண்டாம்.

வெள்ளிக்கிழமை சித்தப்பா விடியும்போதே போய்க் குழி வெட்டிவிட்டுத் திரும்பி வந்தார். அப்பாவைத் தூக்கி வண்டியில் படுக்க வைத்து, போர்வைகளை ஏற்றினார். அவர் உள்ளே தண்ணீர்ப் பானையை எடுக்கப் போன நேரத்தில் நான் போர்வைகள்மேல் ஏறி உட்கார்ந்துகொண்டேன்.

"எறங்கு புள்ள. ஆம்பளைங்க குழிக்கு நீ எதுக்கு?"

நான் இறங்கவில்லை. முக்காட்டை இழுத்து மூடிக்கொண்டு கழுதையின் காதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அப்பாதான், "வரட்டும் விடுடா. கூடாரத்துல தேத்தண்ணி போட ஆள் வேணாமா?" என்றார்.

கூடாரத்துக்குள் உட்கார்ந்து தேநீர் போட்டேன். அப்பாவின் உடையைக் களைந்து குழியில் இறக்கியபோது முகத்தைத் திருப்பிக்கொண்டேன். திரும்பிப் பார்த்தபோது கழுத்துவரை மணல் ஏறிவிட்டது. தலைக்கு மேலே சித்தப்பா துணியைக் கட்டி நிழல் போட்டிருந்தார். பக்கத்துக் குழியில் பருத்த கெய்ரோக்காரர் ஒருவர் முட்டி வலிக்காகப் புதைந்திருந்தார். "கிலானி அய்யா, மறுபடியும் போட்டியா? உங்களோட போட்டி போட்டா எம் பொண்டாட்டி விதவைதான்" என்றார். அப்பா சிரித்தார். அவர் முகம் அப்படித் தளர்ந்து நான் பார்த்ததே இல்லை அண்ணா. அந்த முகத்தைப் பார்த்தபின் எடுங்கள் என்று சொல்ல எனக்கும் மனசு வரவில்லை.

கொஞ்ச நேரத்தில் கெய்ரோக்காரர், "போதும், போதும்!" என்று கத்தினார். அவரைத் தோண்டி எடுத்துப் போர்வையில் சுற்றிக் கூடாரத்துக்குக் கொண்டுவந்தார்கள். அப்பா பேசவில்லை. சித்தப்பா திரும்பிப் போய் உட்கார்ந்து சுருட்டைப் பற்ற வைத்தார்.

நான் எழுந்து வெளியே போனேன். எல்லாரும் பார்க்கிறார்கள் என்று தெரிந்தது. அப்பாவின் கால் எங்கே இருக்கும் என்று கணக்குப் பார்த்து, அந்த இடத்தில் மண்டி போட்டேன். சட்டைக் கையைச் சுருட்டிவிட்டு இரண்டு கையையும் முழங்கைவரை மணலுக்குள் விட்டேன். உள்ளே துணிக்கட்டு விரலில் தட்டியது. அந்தக் குதிகாலைப் பிடித்துக்கொண்டேன்.

"ஏய்! என்ன பண்றே? கையெடு!" என்றார் சித்தப்பா.

கூடாரத்திலிருந்து கெய்ரோக்காரர், "பொண்ணுக்குக் கை வலி போல" என்றார். யாரோ சிரித்தார்கள்.

அப்பாவால் தலையைத் திருப்ப முடியாது. "யாருடா அது, கால் பக்கம்?" என்றார்.

"மப்ரூகாண்ணே. மணலுக்குள்ள கைய விட்டுட்டு உக்காந்திருக்கு."

அப்பா, "எடுத்துரு தாயி. சுடும்" என்றார்.

நான் எடுக்கவில்லை. மணலில் இருப்பவர்தான் போதும் என்று சொல்ல வேண்டும் என்று எழுதியிருந்தாயே. முதலில் சூடு நன்றாகத்தான் இருந்தது, ரொட்டி மாவுக்குள் கை வைத்த மாதிரி. பிறகு அது எலும்புக்குள் ஏறியது. கை தானாக வெளியே வரப் பார்த்தது. குதிகாலை இன்னும் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். சித்தப்பா சுருட்டைக் கீழே போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா கண்ணை மூடிக்கொண்டு சும்மா இருந்தார். அவர் சும்மா இருக்கட்டும் என்று முடிந்தவரை பிடித்தேன். கண்ணில் தண்ணீர் வந்து முன்னால் இருந்தது எதுவும் தெரியாமல் போனபோது, "போதும்" என்று சொன்னேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை.

கையை எடுக்காமல், எல்லாருக்கும் கேட்கும்படி மறுபடியும் சொன்னேன்.